ஓரகத்திக்குப் பேச்சு, எனக்கு மாத்திரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, இங்கே மலேசியாவில், செமோரிலிருந்து ஈப்போவில் உள்ள கிளினிக்குக்கு நான் போய்வந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. தோட்டப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுதுவதால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

எனக்கு வந்த நோய் பயம். எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மகன் வேலை விட்டு வரப் பத்து நிமிடம் தாமதமானால், எங்கேயோ அடிபட்டுக் கிடக்கிறான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று ஐந்து முறை எழுந்துபோய்ப் பார்ப்பேன். பால்மரக் காட்டில் இருட்டோடு தனியாக நிரைக்குப் பால் வெட்டப் போனவள், காய்கறி வாங்க வீட்டுக்குப் பக்கத்துப் பாசாருக்குப் போகக் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன்.

மருமகள்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். எங்கள் பக்கத்தில் வயதானவர்களை யார் கூட்டிப் போகிறார்களோ அவர்கள்தான் டாக்டரிடம் பேசுவார்கள். எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனாலும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மருந்தும் உண்டு, ஆள் வைத்துப் பேசிக் குணமாக்குவதும் உண்டு என்று டாக்டர் சொன்னார். அத்தை வெளியாட்களிடம் பேசவே மாட்டார், மருந்தே போதும் என்று மருமகள் சொல்லிவிட்டாள். நான் தலையாட்டினேன்.

மூன்று மாதம் கழித்து, அடுத்த வீட்டில் இருக்கும் என் ஓரகத்திக்கும் அதே மாதிரிப் படபடப்பு வந்தது. என் கொழுந்தனின் மனைவி அவள். பஸ் பிடித்துத் தனியாகவே போனாள், தானே பேசினாள். அவளுக்கு மாத்திரை தரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏர்கோன் போட்ட அறையில் முக்கால் மணி நேரப் பேச்சு. அதுவும் பேசிக் குணமாக்கப் படித்த ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையோடு!

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு வயிறு எரிந்தது. அந்த நோய் முதலில் வந்தது எனக்கு! எனக்கு ஐந்து நிமிடம், அதிலும் டாக்டர் பாதி நேரம் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். அவளுக்கு முக்கால் மணி நேரம் ஒருத்தி எதிரில் உட்கார்ந்து காது கொடுக்கிறாள். திரும்பி வரும்போது சுடச்சுட வாழைப்பழப் பஜ்ஜி வாங்கி வந்து, “சாப்பிடுங்கக்கா, இன்னிக்கு நல்லாப் பேசினோம்லா” என்பாள். சர்க்கரை என்று சொல்லித் தள்ளிவிடுவேன். எனக்குச் சர்க்கரையே கிடையாது.

உண்மையில் அந்த மாத்திரை எனக்குக் கேட்டுக்கொண்டுதான் வந்தது. சில வாரத்திலேயே தூக்கம் வந்தது, நடுக்கம் குறைந்தது. ஆனால் குணமாகிவிட்டால் பேச்சுக்கு யார் அனுப்புவார்கள்? என் புத்தி அப்படிப் போனது. காலையில் மருமகள் தரும் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பின்னால் போய்க் கறிவேப்பிலைத் தொட்டியில் துப்பினேன். மருந்து கேட்கவில்லை என்று டாக்டரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

துப்ப ஆரம்பித்த ஆறாவது நாள், கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும் தவணை. ஓரகத்திக்கும் அன்றுதான் பேச்சு. மூவரும் ஒரே காரில் போனோம். என் நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது, தரை சரிந்தது. சிமெண்டுத் தூணில் மண்டை மோதியிருக்கும். என்னைத் தாங்கிப் பிடித்தது ஓரகத்திதான்.

“அக்கா, மாத்திரை போட்டீங்களா இல்லையா?” என்றாள். தொட்டியில் துப்பிவிட்டேன் என்று முணுமுணுத்தேன். “அலாமா! இந்த வயசுல மாத்திரையத் துப்புறீங்களா?” என்று அங்கேயே அதட்டினாள். மருமகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, தன்னைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும் என்றார். ஏன் நிறுத்தினீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மருமகள் வாயெடுத்தாள். நான் அவள் கையை அழுத்திவிட்டு, என் மலாயில், எனக்கும் பேச வேண்டும் என்றேன். அந்த டாக்டரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவர் சிரிக்கவில்லை. சிலருக்கு மருந்து போதும், சிலருக்குப் பேச்சு போதும், சிலருக்கு இரண்டும் வேண்டும், மருந்தை விடாமலே பேசலாம் என்றார். ஓரகத்தி அன்றைய தன் நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அந்தப் பிள்ளை முன்னால் பாதி நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு, “எனக்கு அவ மேல பொறாமைம்மா” என்று ஆரம்பித்தேன்.

வெளியே வந்து ஓரகத்தியிடமும் அதைச் சொன்னேன். அவள் முறைத்தாள்.

“நல்லாப் பொறாமைப்பட்டீங்க போங்க! உள்ள போயி அழுது, பாத்ரூம்ல மூஞ்சி கழுவிட்டுத்தான் ஒவ்வொரு வாட்டியும் வாரேன். வீட்டுப் பாடம் வேற குடுக்குது அந்தப் பிள்ள. அக்காவுக்கு ஒரு மாத்திரையோட வேலை முடிஞ்சிருதுன்னு எனக்குல்ல எரிஞ்சுது!”

பேச்சு சுலபமில்லை என்பது போகப் போக எனக்கும் தெரிந்தது. பயத்தை எதிரில் உட்கார வைத்து, நீ சொல்வது நிஜமா என்று கேட்கச் சொன்னாள் அந்தப் பிள்ளை. பழகுவதற்கு மாதங்கள் ஆயின. மாத்திரையும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டேன், பிறகு டாக்டர்தான் மெல்லக் குறைத்தார். இப்போது பாசாருக்குத் தனியாகப் போகிறேன்.

பொறாமை என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது வரும்போதெல்லாம், வாயைத் திறந்து கேட்காமல் எதை விட்டுவிட்டேன் என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.