அட்டையில் குறைந்த மாத்திரைகள்

போன வருடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் சமயம். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கணித ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். டாக்டர் எழுதித் தரும் வலி மாத்திரைக்கு மனிதர்கள் எப்படி அடிமையாகிறார்கள், அதை எந்த இடத்தில் தடுக்கலாம் என்று சமன்பாடு போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. கட்டம் கட்டமாக வரைந்து, டாக்டரிடமிருந்து நோயாளிக்கு ஓர் அம்பு, மருந்துக்கடையிலிருந்து அடிமையானவருக்கு ஓர் அம்பு என்று போட்டிருப்பேன். இதிலேயே ஊறிப்போய், மருந்துக்கடையில் யார் நின்றாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அந்தச் சந்தேகம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. முகையூர் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு விழுப்புரத்தில் மூட்டு ஆபரேஷன் முடிந்து, கடுமையான வலி மாத்திரை கொடுத்திருந்தார்கள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அட்டை வேகமாகக் காலியாகியிருந்தது. கேட்டால், "போட்டுக்கினுதான் இருக்கேன்" என்பார் அம்மா. என் தம்பி அப்போதுதான் சென்னையில் வேலை போய் வீட்டுக்கு வந்திருந்தான். மதியம் வரை தூக்கம், எதைக் கேட்டாலும் எரிச்சல். இவன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவன் குளிக்கப் போன நேரம் பையைத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்டிக்காரன், வேறெங்கோ ஒளித்திருக்கிறான் என்றுதான் தோன்றியது.

கையும் களவுமாகப் பிடிக்க லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். விடிந்ததும் பின்வாசலில் பேச்சுக் குரல். அம்மாவோடு எப்போதும் மல்லாட்டை பிடுங்கப் போகிற பெண்கள். அம்மா ஆளுக்கொரு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வாங்கிய பிறகும் நகரவில்லை. மறுபடியும் கையை நீட்டினார்.

"இன்னொண்ணு குடு அத்த. அது போட்டாத்தான் கை கால் ஓடுது."

நான் பின்வாசலுக்குப் போய், "என்னம்மா பண்றே?" என்றேன்.

"இடுப்பு வலின்னு அழுவுறாளுங்க. நான்தான் கூடப் போவ முடியல, இதையாவது குடுக்கிறேன்" என்றார் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

அன்றே அந்த அக்காவை விழுப்புரத்துக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையை நிறுத்துவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. என் படத்தில், வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஓர் அம்பு சேர்த்தேன்.

தம்பியிடம் எதுவும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். சாப்பிடும்போது அவனே, "என் பைய நீ நோண்டினது தெரியும்க்கா. கேட்டிருந்தா நானே தொறந்து காட்டியிருப்பேன்" என்றான்.

அவனுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் தலைவலி, காய்ச்சல் என்றால் அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொல்கிறான். நான் உள்ளே வந்தால் பேச்சை மாற்றிவிடுகிறான். அப்போதெல்லாம், அன்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.