கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட அண்ணன்

'இங்கே ஸ்கேன் எடுக்கப்படும்' என்று அவள் பலகை மாட்டிய முதல் வாரமே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து கடை பெஞ்சில் படுத்துவிட்டார்.

"வெறும் வயித்துல வந்திருக்கேம்மா."

"நீங்க சாப்பிட்டே வரலாங்க. போட்டோதான் ஈரமில்லாம வரணும்."

பலகையில் 'புகைப்படங்கள்' என்று சேர்த்தும் பயனில்லை. அவளுக்கு 'ஸ்கேன் அக்கா' என்ற பேர் நிலைத்துவிட்டது. அந்த பெஞ்சில் படுத்து எழுந்ததிலேயே நாலைந்து பேருக்குக் கல் கரைந்துவிட்டதாகத் தெருவில் பேச்சு. மறுக்க யாரும் முன்வரவில்லை.

கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒடுக்கமான அறைதான். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துவிடுவாள். ஒரு தூசி கிடந்தால் போதும், வருகிறவர்களுக்கெல்லாம் கன்னத்தில் மச்சம் முளைத்துவிடும்.

இந்த வேலையை, 'பொட்டி தட்டுறது' என்பதற்கு மேல் மதிக்காதவள் கணவனின் அக்கா. அவளே ஒருநாள் கக்கத்தில் சட்டம் போட்ட படத்துடன் வந்து நின்றாள். போன வருஷம் போய்ச் சேர்ந்த அவள் வீட்டுக்காரர், கேமராவைக் கண்டால் மழைக்கு ஒதுங்குகிறவர்போலத் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். கல்யாணப் படத்திலேயே அவர் தோள் மட்டும்தான் இருக்கிறது; அதுவும் வேறு யாருடையதோ என்று சந்தேகம். முகம் விழுந்த ஒரே படம் இது. தொழிற்சாலை ஆட்கள் எல்லாரும் நிற்க, பின்வரிசையில் நகக்கண் அளவுக்கு அவர்.

"மாப்பிள்ளை ஃபோன்ல எடுத்துப் பெருசாக்கினாரு. மூஞ்சி குளியலறைத் தரை மாதிரி கட்டம் கட்டமா வந்திருக்கு. நீ ஒழுங்கா எடு. கதவு உசரத்துக்கு வேணும்."

சொல்லிக்கொண்டே சட்டத்தின் பின்னட்டையை எடுத்துவிட்டு, படத்தை அதன் கண்ணாடியிலிருந்து நகத்தால் நெம்பத் தொடங்கினாள்.

"கை வெக்காதீங்க அண்ணி! ஈரத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. பிரிச்சா அண்ணன் மூஞ்சி கண்ணாடியோட போயிடும். நமக்கு வெறும் காகிதந்தான் மிஞ்சும்."

அண்ணியின் விரல் அப்படியே நின்றது.

ஸ்கேன் அக்கா சட்டத்தை மட்டும் கழற்றி, படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்தாள்.

"ஒரு அங்குலத்தை எத்தனை புள்ளியாப் பிரிச்சுப் பாக்கணும்னு இதுக்குச் சொல்லணும். அதான் ரெசல்யூஷன்."

"எவ்வளவு உண்டோ அவ்வளவும் வை. கஞ்சத்தனம் பண்ணாத."

"வெக்கறேன். ஆனா படத்துல இல்லாததை எந்தப் புள்ளியும் கொண்டுவராது."

கீழே வெளிச்சம் மெல்ல ஊர்ந்தது. மற்றவர்களை வெட்டி நீக்கி, அவர் முகத்தை மட்டும் திரையில் நிறுத்தினாள். உள்ளங்கை அளவுவரை தெளிவாக இருந்தது. அதற்கு மேல் இழுத்தால் பிக்சல் கட்டங்கள் பல்லைக் காட்டின.

"இல்லாததை நிரப்பறதுக்கு ஏதோ புரோகிராம் இருக்காமே?"

இருந்தது. ஓட்டினாள். கதவு உயரத்துக்குப் பளிச்சென்று ஒரு மனிதர் வாய்கொள்ளாச் சிரிப்போடு வந்து நின்றார்.

"யாரும்மா இந்தாளு? முன்பல்லு விழுந்த நாள்லருந்து அவரு வாயத் தொறந்து சிரிச்சதே இல்லையே!"

"அது மெஷினே கட்டிவிட்ட பல்லு, அண்ணி."

அண்ணி நெடுநேரம் பார்த்தாள். "அழிச்சிடு. ஆளு நல்லாத்தான் இருக்கான். ஆனா இவன்கூட நான் குடும்பம் நடத்தலையே."

உள்ளங்கை அளவில் அச்சு வந்தது. மூடிய வாய், ஒரு ஓரம் மட்டும் லேசாக ஏறியிருந்தது. அண்ணி அதை முந்தானையால் துடைக்கப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"பசங்களுக்கு ஃபோன்ல அனுப்பிடேன்."

"அனுப்பினா அது சுருக்கிடும் அண்ணி, வழியிலேயே பாதிப் புள்ளி உதிர்ந்துடும். பென் டிரைவ்ல முழுசாத் தரேன்."

அண்ணி வீட்டுக் கூடத்தில், பெரிய சுவரின் நடுவே அந்தச் சின்னப் படம் தனியாகத் தொங்குகிறது. "இவ்வளவு பெரிய செவுத்துக்கு இத்துனூண்டு படமா?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்.

"கிட்ட வந்து பாரு," என்கிறாள் அண்ணி. "அவரு பேசினாலும் கிட்ட வந்தாதானே கேக்கும்."