வெளியே வைத்த ஏணி

பானுமதிக்கு உட்கார்ந்து சாப்பிடும் வழக்கமே கிடையாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடிதான் சாப்பிடுவாள். அதிலும் இரண்டு வாய்க்கு ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்துக்கொள்வாள். யாராவது வந்து காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறவள் அப்படித்தான் சாப்பிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமாகி வள்ளியூர்ப் பக்கமிருந்து பம்பாய்க்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் வடாலாவில் ஒரு வீடு, உல்லாஸ்நகரில் இரண்டு, திலக் நகரில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் எட்டு மாசம், கடைசியில் தாராவி. ஒன்றிலாவது அவள் பெயர் இருந்ததா என்றால் இல்லை. தாராவி வீடு கணவனின் அண்ணன் சொரிமுத்து பெயரில் இருக்கிறது. ரேஷன் கார்டு, கரண்டு பில், தண்ணீர்க் குழாய் எல்லாமே சொரிமுத்துதான். கணவன் நாகராஜ் மஞ்சள் காமாலையில் போய் ஒன்பது வருஷமாகிறது.

கீழ்வீட்டில் சொரிமுத்துவும் அவர் மனைவி சண்முகவடிவும் இருந்தார்கள். மேலே, தகரக் கூரைக்கு அடியில், பானுமதியும் மகள் ஷாலினியும். மேலே ஏற வேண்டுமானால் சண்முகவடிவின் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். ஓரகத்திகள் இருவரும் ஒருநாளும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. ஆனால் தன் வீட்டுக்குப் போவதற்கு, இன்னொருத்தி தாளித்து முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டுமென்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பானுமதிக்கு வந்தது. வாயைத் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தாராவியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு அவள் வந்த நாளிலிருந்தே உண்டு. இந்த முறை நிஜமாகவே கையில் டேப்லெட்டும் பெயிண்ட் டப்பாவுமாகக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும்போதே இந்தச் சந்துக்கு ஒரு சேதி வந்து சேர்ந்துவிட்டது. ஏணி வெளியே இருந்தால் மேல்வீட்டுக்குத் தனி நம்பர் போடுகிறார்களாம். அவ்வளவுதான், வெல்டிங் பட்டறை நசீருக்கு மூச்சு விட நேரமில்லை. சந்து பூராவும் ஏணிகள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து நின்றன. எதிரெதிரே இரண்டு பேர் நடந்து வந்தால் ஒருவர் ஏணிமேல் ஏறித்தான் வழிவிட வேண்டும்.

பானுமதியும் ஒரே மதியத்தில் ஏணியை மாற்றிவிட்டாள். முன்பக்க ஜன்னலை உடைத்துச் சின்னதாக ஒரு கதவு வைத்தாள். சண்முகவடிவு அத்தனையையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அடுப்படி அகலமாயிட்டு. நல்லதுதான்" என்றாள். முகத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை. பானுமதி அன்று வேலையில்லாமலேயே நாலு தடவை ஏறி இறங்கினாள்.

அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நீடிக்கவில்லை. பானுமதி தினமும் ரயில் பாலம் ஏறி இறங்கி மாட்டுங்காவில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவள். அதில் ஒன்று கேஷவ் வீடு. நகர அமைப்பு அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஏணி சமாசாரத்தைக் கேட்டதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏன் பானு, என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

"தனி நம்பர் தருவாங்கன்னாங்க சார்."

"நம்பர் தருவான். வீடு எங்கே தருவான்னு கேட்டியோ? கீழ் வீட்டுக்காராளுக்குத்தான் தாராவியிலேயே இடம். மாடி தனின்னு எழுதிட்டா உன்னை ஊருக்கு வெளியே அனுப்பிடுவான். ஏணி உள்ளே இருந்தா ஒரே குடும்பம்னு கீழ் வீட்டோட சேர்த்துப்பான்."

 பானுமதியின் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவளைத் தேற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கேஷவ் பக்கத்திலிருக்கும் ஃபைவ் கார்டன்ஸ் பகுதியின் கதையை ஆரம்பித்தார். அந்த ரோடு, மரம், தோட்டம் எல்லாமே முதலில் காகிதத்தில் வரைந்து பிறகு கட்டியவையாம். "ஒரு மனுஷன் தூங்கற இடமும் வேலை பார்க்கற இடமும் நடக்கற தூரத்துல இருக்கணும். அதான் நல்ல நகரம். நாங்க படிச்சதெல்லாம் அதான்."

"அப்ப நான் ஏற்கெனவே சரியாத்தானே சார் இருக்கேன்? இருபது நிமிஷம் நடக்கேன், வாரேன். இதை எதுக்குக் கலைக்கணும்?"

 கேஷவ் காபி ஆறிவிட்டது என்றார்.

அதற்குள் சந்திலும் சேதி பரவிவிட்டது. வெளியே வந்த ஏணிகளில் பாதி திரும்ப உள்ளே போயின. மாற்றுவதற்கு ஒரு கூலி, திரும்ப மாற்றுவதற்கு ஒரு கூலி என்று நசீர் காட்டில் மழை. பானுமதியின் ஏணி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் உள்ளே வைத்துவிடலாம் என்பாள், சாயங்காலம் வேண்டாம் என்பாள். "அங்கேருந்து காலேஜுக்கு தோ கண்டா, ரெண்டு மணி நேரம் ஆகும் மம்மி. ரெண்டு ட்ரெயின் மாறணும். ஜல்தி ஒரு முடிவு எடு" என்று ஷாலினி நச்சரித்தாள். எந்த 'அங்கே' என்பது ஒருவருக்கும் தெரியாது. மான்குர்துக்கு அந்தப் பக்கம் என்றார்கள் சிலர், முலுண்டு என்றார்கள் சிலர்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். டேப்லெட் வைத்திருந்தவன் பெயர் சாய்நாத். கூட இன்னொருவன் பெயிண்ட் டப்பாவோடு நின்றான். பானுமதி வாயைத் திறப்பதற்குள் சண்முகவடிவு முந்திக்கொண்டாள். தனக்குத் தெரிந்த இந்தியில், "ஒரே குடும்பம் தம்பி. ஏணி உள்ள கெடந்ததுதான், ரிப்பேருக்காக வெளிய வச்சிருக்கோம்" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

சாய்நாத் பானுமதியைப் பார்த்து, "ஏக் ஹை? ஒரே குடும்பம்தானா?" என்று கேட்டான்.

தொலைவுக்குப் போகப் பயந்து அவள் தலையை ஆட்டினாள்.

அவன் எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டினான். சொரிமுத்து, உடன் மூன்று பேர். கீழ்வீட்டு நிலையில் ஒரு நம்பரை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

பானுமதி மேலே ஏறினாள். அரிசியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். உடன் மூன்று பேர். அதில் அவள் ஒரு ஆள். ஐந்து வீடு தூக்கிச் சுமந்து, புருஷனை எரித்து, மகளைக் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவள் இந்த ஊர்க் கணக்கில் யாருக்கோ உடன் வந்தவள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள்.

அவர்கள் ரொம்ப தூரம் போயிருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சந்துகளில் புதிதாக வந்தவன் நேராகப் போகவே முடியாது. தோல் கடைக்குப் பின்னால் புகுந்து, குழாயடியைத் தாண்டி, இரண்டு சுவருக்கு நடுவே ஒருக்களித்து அந்தப் பக்கம் வந்தாள். நினைத்தபடியேதான் இருந்தது. மேப்பில் வழி என்று காட்டிய இடத்தில் பிளாஸ்டிக் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. சாய்நாத் டேப்லெட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான்.

"மாத்தி எழுதுங்க. நான் தனி" என்றாள் இந்தியில், மூச்சு வாங்க.

"தாயீ, தனின்னா தூரம் போகணும். தெரியும்தானே? அப்புறம் மாற்ற முடியாது."

"தெரியும்."

"சரி, வந்து பார்த்துத்தான் எழுதுவேன். ஆனா இங்கேருந்து எப்படி வெளியே போறது?"

அவளே வழி காட்டிக் கூட்டி வந்தாள்.  ரயில் மாறிப் போக வேண்டிய தூரத்தை நினைத்த பயம் ஒரு பக்கம். சண்முகவடிவின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சண்முகவடிவு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பெயிண்ட் டப்பாவைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்காவத்தானட்டி பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"பொறவு எதுக்குட்டி?"

"ஒரு காயிதத்துலயாவது என் பேரு இருக்கட்டும்க்கா. வேற ஒண்ணுமில்ல."

சண்முகவடிவு கையிலிருந்த சாம்பலைப் பார்த்தாள். "என் பேரு மட்டும் எதுல இருக்கு?" என்றாள்.

பானுமதிக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷத்தில் அது அவளுக்குத் தோன்றியதே இல்லை. உடன் மூன்று பேர் என்று அவன் படித்தபோது அந்த மூன்றில் முதல் ஆள் சண்முகவடிவுதான். 

சாய்நாத் தானே பெயிண்ட் டப்பாவை வாங்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். ஏணி ஆடியது. உள்ளேயா வெளியேயா என்று முடிவு தெரியாததால் அதன் காலுக்கு இன்னும் சிமென்ட் போடவில்லை. சண்முகவடிவு எழுந்து வந்து, சாம்பல் கையோடு ஏணியை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மேலேயிருந்து கேட்டான். "யார் பெயர்ல எழுத?"

பானுமதி சண்முகவடிவைத் திரும்பிப் பார்த்தாள். 

"பானுமதி" என்றாள் சண்முகவடிவு, சந்து முழுக்கக் கேட்கும்படி.