இத்தாலிக் கடையில் சீனி கிடையாது

இரண்டு கைகள் சுடுதண்ணீருக்குள் இறங்கி, வெள்ளைக் கட்டியொன்றைத் தூக்கி, இழுத்து, மடித்து, மறுபடியும் இழுக்கின்றன. முதல் இழுப்பில் அது உடைந்த தயிர்போலத் திட்டுத்திட்டாக இருக்கிறது. ஐந்தாவது இழுப்பில் பளபளக்கத் தொடங்குகிறது. கைகள் மணிக்கட்டுவரை சிவந்துவிட்டன. ஆனாலும் வெளியே வருவதாக இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு கிள்ளு. தேசிக்காயைவிடப் பெரிய, தோடம்பழத்தைவிடச் சிறிய உருண்டையொன்று உப்புத்தண்ணீர்ச் சட்டிக்குள் விழுகிறது. அது தாழ்ந்து மேலே வரும்வரை கடையில் யாரும் பேசக் கூடாது. பேசினால், "பொறுங்கோ, அது மூச்செடுக்குது" என்று பதில் வரும்.

கைகளுக்குரியவர் ஜெயரூபி. வயது ஐம்பத்துமூன்று. திருகோணமலை உட்துறைமுக வீதியில், வலைக்கடைக்கும் படகு எஞ்சின் திருத்தும் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய கடை. பலகையில் 'இத்தாலிய உணவுப் பொருட்கள்' என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு அது இத்தாலிக் கடைதான். வாசலில் ஐந்து சாடிகளில் இத்தாலியத் துளசி வளர்க்கிறார். ஐந்தில் மூன்று மானுக்குரியவை. கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள் காலை ஏழு மணிக்கே கடைக்கு வந்துவிடுகின்றன. "என்ர முதல் வாடிக்கை அதுகள்தான். ஒரு நாளும் மிளகாய்த்தூள் கேட்டதில்லை" என்கிறார்.

கண்ணாடி அலுமாரியில் எண்ணெயில் ஊறும் காய்ந்த தக்காளி, கத்தரிக்காய், உப்பில் அடுக்கிய நெத்தலி. நெத்தலிப் போத்தலைப் பார்க்கிற எவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"இது கருவாடுதானே அக்கா?"

"கருவாடு வெயிலிலை காயிறது. இது இருட்டுக்குள்ளை மூண்டு மாசம் யோசிக்கிறது."

பதினேழு வருடம் பலெர்மோவில் ஒரு கிழவியைப் பராமரித்தவர் ஜெயரூபி. அங்கே கூட இருந்த நம்மவர்களின் விடுமுறைகளெல்லாம் கலியாண வீட்டிலும் சாமத்திய வீட்டிலும் கழிந்தன. இவர் ரயில் ஏறினார். ஓர் ஊரில் ஒலிவ் எண்ணெயை நக்கிப் பார்த்தார்; இன்னோர் ஊரில் பன்றித்தொடை தொங்கும் அறைக்குள் நின்று மணந்துவிட்டு, "சாப்பிட ஏலாது, மணம் மட்டும் போதும்" என்று திரும்பினார். கடைசியில் நாப்போலிக்குத் தெற்கே ஒரு பண்ணையில் எருமைகளைக் கண்டார். "எங்கட கிண்ணியா மாடு மாதிரியே என்னைப் பாத்து முழிச்சுதுகள். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போச்சு." தொட்டி கழுவித் தருகிறேன், பார்க்க விடுங்கள் என்று கேட்டு, இரண்டு கோடைகால விடுமுறைகளை அந்தப் பண்ணையின் தொட்டிகளுக்குள் செலவழித்தார். அங்கே கற்றுக்கொண்ட, எருமைப்பாலில் செய்யும் மொஸரெல்லாச் சீஸ்தான் இப்போது இந்தக் கடையின் மூலவர்.

அதை வாங்குவது இலகுவான காரியமல்ல. வாழையிலையில் சுற்றிய பொதியை நீட்டுவார், நாம் பிடிப்போம், அவர் விடமாட்டார். பொதிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாம். நிபந்தனைகள் சொல்லப்படும். அவற்றை நாம் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவருடைய விரல்கள் தளரும். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் கனகரத்தினம் மாஸ்ரர் வியாழன்தோறும் வந்து, மாணவனைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பார்: "பிரிட்ஜுக்குள்ளை வைக்கமாட்டன். மிளகாய்த்தூள் போடமாட்டன். பின்னேரத்துக்கு முந்திச் சாப்பிட்டு முடிப்பன். சீனி தொடமாட்டன்."

கடைசி நிபந்தனைதான் பெரியது. எருமைத் தயிரைச் சீனியோடோ தேன்போல வடியும் பாணியோடோ தின்று வளர்ந்த ஊர் இது. வெள்ளையாக, எருமைப்பாலில், சட்டிக்குள் எதைக் கண்டாலும் கை தானாகச் சீனிப் போத்தலைத் தேடும். புதிதாகக் கலியாணமான சோடியொன்று, "இதுக்குச் சீனி போடுறதோ பாணி விடுறதோ?" என்று கேட்டபோது, ஜெயரூபி நீட்டிய பொதியைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "முதல்லை உங்கட வீட்டிலை கதைச்சு முடிவெடுத்துக்கொண்டு வாங்கோ." அவர்கள் இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்டவருக்கு அடங்கிப்போக ஒரே ஓர் ஆள் இருந்தார். குறிஞ்சாக்கேணி முத்தலிப். எருமைக்காரர். காலை ஆறரைக்கு மோட்டார் சைக்கிளில் பால் வாளியோடு வந்து இறங்குவார். வாளியை நீட்டுவார், ஜெயரூபி பிடிப்பார், அவர் விடமாட்டார். "வெயில் படுற இடத்தில வைக்காதீங்க. கை கழுவாமத் தொடாதீங்க. தண்ணி காட்டவே காட்டாதீங்க." ஜெயரூபி ஒவ்வொன்றுக்கும் "ஓம் நானா" என்று சொன்ன பிறகுதான் வாளி கைமாறும். கழுவி வைத்திருக்கும் முந்தினநாள் வாளியை எடுத்துக்கொண்டு அவர் போய்விடுவார். இரண்டு வருடத்தில் ஒரு துண்டுகூடத் தின்று பார்த்ததில்லை. "கறக்கிறது என்ட வேல. மத்தது ஒங்கட வேல."

அடங்கிப்போகக் காரணம் உண்டு. வேறு மூன்று பேரிடம் பால் எடுத்துப் பார்த்திருக்கிறார் ஜெயரூபி. ஒருவருடையதில் தண்ணீர். ஒருவருடையதில் பசுப்பால். மூன்றாமவர் வரவேயில்லை. கலந்த பாலில் இழுவை வராது. சுடுதண்ணீரில் போட்டதும் கரைந்து தொலைந்துவிடும். முத்தலிப்பின் வாளி நின்றால் கடையில் மிஞ்சுவது நெத்தலி மட்டும்தான்.

ஒரு வியாழக்கிழமை முத்தலிப் வாளியை நீட்டவில்லை. பாலைத் தானே தொட்டியில் ஊற்றிவிட்டு, அதையும் முந்தினநாள் வாளியையும் வெறுமையாகக் காலடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, நெலாவெளி ஹோட்டல்ல ஒரு கலியாணத்துக்குப் போனன். சீஸ வட்டமா வெட்டி, தக்காளியோட அடுக்கி வச்சிரிந்தாங்க. ஆர்ட பாலெண்டு விசாரிச்சா, என்ட பால். சனம் எழும்பின பொறகு பீங்கானப் பாக்கன், தக்காளியத் திண்டிட்டு அத மிச்சம் வச்சிட்டுப் போயிரிக்காங்க. தயிரா இரிந்தா சட்டிய வழிச்சிரிப்பாங்க."

"அவை குளிருக்குள்ளை வைச்சிருப்பினம் நானா. குளிரிலை அது ரப்பராப் போயிடும். நான் சொல்லித்தான் குடுத்தனான்."

"நீங்க சொன்னதும் அவங்க கேக்காததும் பாலுக்குத் தெரியுமா?"

தம்பலகாமத்துத் தயிர் வியாபாரி ஒருவர் முழுப் பாலையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதையும் முத்தலிப் சொன்னார். "இண்டைக்கு இரிந்து பாக்கப் போறன். என்ட மனசுக்குப் புடிக்கல்லெண்டா இந்த வாளி ரெண்டும் நாளைக்குத் தம்பலகாமம் போகும்."

பால் உறைய, வெட்டிய கட்டி புளிப்பேற, ஐந்து மணித்தியாலம். முத்தலிப் அசையவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தபோது மட்டும் வாளிகளை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு குடித்தார். பதினொரு மணிக்கு மாஸ்ரர் வந்து, தன் ஒப்புவித்தலுக்குத் தயாராகி, காற்று சரியில்லை என்று கண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

கைகள் தண்ணீருக்குள் இறங்கின. இழுவை வந்தது. ஒரு முழம், ஒன்றரை முழம், அறாமல் நீண்டது. முத்தலிப் எழுந்து கிட்ட வந்தார்.

"கலந்த பாலெண்டா இப்பிடி வராது."

"அதைத்தானே நானா ரெண்டு வருசமாச் சொல்லுறன்."

முதல் உருண்டையைப் பீங்கானில் வைத்துக் கொடுத்தார். முத்தலிப் பிய்த்தார். உள்ளேயிருந்து பால் கசிந்து முழங்கைவரை வழிந்தது. நின்றபடி மென்றார். கண் கூரையைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, வாளியைப் பார்த்தது.

"உப்பு இரிக்கி. பால் இரிக்கி. என்னமோ ஒண்டு குறையிது." இன்னொரு தரம் மென்றார். "தங்கச்சி, சீனி இரிக்கா?"

பட்டறையில் எஞ்சினொன்று இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ஜெயரூபி கைகளைத் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"மாஸ்ரர், நீங்கள் கொஞ்சம் கடலைப் பாருங்கோ."

மாஸ்ரர் கடலைப் பார்த்தார். உள்ளே போன ஜெயரூபி, தன் தேத்தண்ணீருக்கு வைத்திருந்த சீனிப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, எரியாத அடுப்பைச் சரிபார்க்கப் போனார். கரண்டிச் சத்தம் கேட்டது. அவர் திரும்பியபோது பீங்கானில் ஒன்றும் இல்லை. முத்தலிப் பெருவிரலால் அதன் ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"ஊட்ட இரிக்கிற றம்லாக்கும் ஒண்டு கட்டித் தாங்க. என்ட பொஞ்சாதி பாக்கோணும், நம்மட பால் எப்பிடி வந்திரிக்கி எண்டு."

ஜெயரூபி மற்றவற்றைவிடப் பெரிதாக ஒன்றைக் கிள்ளினார். அது மூச்செடுக்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள். வாழையிலையில் சுற்றி, நூல் கட்டி, நீட்டினார். முத்தலிப் ஒரு வாளியைக் காலால் தள்ளி, வழமையாக அது நிற்கும் மேசையடியில் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பொதியைப் பிடித்தார். கடையின் வழக்கம் அவருக்கும் தெரியும். ஜெயரூபி என்ன சொல்லப்போகிறார் என்று அப்படியே நின்றார். கடலைப் பார்த்தபடி மாஸ்ரரும் காதைக் கொடுத்தார்.

ஜெயரூபி வாயைத் திறந்தார். மூடினார். விரல்களை எடுத்துவிட்டார்.