காது முளைத்த மூடிகள்

தகடு அழுத்திப் பிழைக்கும் சகபாவிகளே, நம் தொழிலில் இரும்பு நாம் சொன்னால் கேட்காது. முதலாளி சொன்னால் நாம் கேட்டாக வேண்டும். மீனாட்சி சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் செல்வம் என் தங்கச்சி மகன். அங்கே தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுவது நான். மின்விசிறி மோட்டாருக்கு மூடி செய்யும் ஆர்டர் வந்தது. மாதிரி தேறாவிட்டால் ஆர்டர் கோயம்புத்தூருக்கு, பட்டறைக்குப் பூட்டு.

காது

வட்டத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தினால் கிண்ணம் போல இறங்கணும். இறங்கியது, விளிம்பில் மட்டும் நாலு பக்கம் நாலு காது மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. ஆலையில் உருட்டும்போதே இரும்புக்குள் இருக்கும் படிகங்கள் ஒரே வாக்கில் படுத்துவிடும். அப்புறம் தகடு ஒரு திசையில் தாராளமாக நீளும், இன்னொரு திசையில் கஞ்சத்தனம் பண்ணும். சொன்னேன். "அச்சுலதான் கோளாறு மாமா" என்று செல்வம் நாள் முழுக்க அச்சைத் தேய்த்தான். காது பளபளப்பாக முளைத்தது.

பார்க்க வந்த கம்பெனிப் பொறியாளர் அம்மா அதைத் தலையில் வைத்துப் பார்த்தார். "ஐயா, நாங்க மூடிதான கேட்டோம், கிரீடம் எதுக்கு?"

ஆரஞ்சுத் தோல்

"தகடு விறைப்பா இருக்கு, வேக வச்சா இளகும்" என்று செல்வம் உலையில் போட்டுவிட்டு, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு வந்தான். அதற்குள் படிகங்கள் கண்டபடி பெருத்துவிட்டன. அழுத்தினால் மூடி முழுக்க ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பு. முதுகு சொறிந்துகொள்ள ஒரு ஜல்லிக்கட்டுக் காளை தினமும் கயிற்றை அறுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தது என்றால் பாருங்கள்.

பொறியாளர் விரலால் தடவினார். "இதுல தேங்கா துருவலாம்யா. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்."

பூசணி

கண் பட்டுவிட்டது என்று முடிவுகட்டி, செல்வம் பிரஸ்ஸுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தான். அன்று காலைதான் புதுத் தகட்டுச் சுருள் வந்து இறங்கியிருந்தது. அழுத்தினோம். காது இல்லை, சொரசொரப்பு இல்லை. பொறியாளர் மூடியில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துவிட்டு, ஆர்டர் உங்களுக்குத்தான் என்றார்.

மறுநாள் தகட்டுக் கடைக்காரர் போனில் பதறினார். கார் கதவு அழுத்துவதற்கென்றே, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நீளும்படி படிகங்களைப் பக்குவமாகப் படுக்கவைத்து உருட்டிய சுருளாம், மாற்றி இறக்கிவிட்டாராம். "கூடுதல் விலை குடுத்தாவது வச்சுக்குவோம் மாப்ள, இல்லாட்டி ஆர்டர் போயிரும்" என்று கெஞ்சினேன். செல்வம் போனைப் பிடுங்கினான். "தாராளமா எடுத்துட்டுப் போங்கண்ணே, எங்களுக்குப் பழைய தகடே போதும், பூசணி இருக்கு."

ஆக, படிகம் வாங்கித் தந்த ஆர்டரை இப்போது பூசணிக்காய் நடத்துகிறது. சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், மத்தியானச் சோறு இன்னும் தங்கச்சி வீட்டில்தான்.