மலை நிழலில் தெரிந்த சிவப்பு

வெல்டிங் வேலை இல்லாத நாட்களில் வீட்டுக்குப் பின்னால் நானே ஒரு கேஸ் உலை செய்தேன். பழைய இரும்பு டப்பா, உள்ளே சூடு தாங்கும் பஞ்சு, அதன்மேல் மண் பூச்சு, பக்கத்தில் சிலிண்டர். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அதில் காய்ச்சி அடித்து, தண்ணீரில் முக்கி, மனைவிக்குக் களைக்கொட்டு செய்து கொடுத்தேன். சிங்கவரத்தில் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்களிடம் அதைப் பெருமையாகக் காட்டியிருக்கிறாள். முதல் கல் பட்டதுமே முனை உடைந்துவிட்டது.

"கொல்லை பூரா சிரிப்பு மாமா. உன் ஊட்டுக்காரரு இரும்புல செஞ்சாரா, முறுக்கு மாவுல செஞ்சாரான்னு கேக்குறாளுங்க. களை முடியறதுக்குள்ள அவளுங்க வாய அடைக்கணும்" என்றாள்.

சூடு மீறினால் இரும்பு நொறுங்கும் என்பது தெரியும். சூட்டை எப்படி அளப்பது என்பதுதான் தெரியவில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை உலையின் வாயில் நீட்டினேன். எண்ணே காட்டாமல் கீச்சென்று கத்தியது.

"இன்னா மாமா, உலைக்கு ஜுரமா? மாத்திரை குடுக்கட்டுமா?"

மறுபடியும் சில கொட்டுகள் செய்தேன். அவளே ஒவ்வொன்றையும் பாறையில் போட்டுப் பார்த்தாள்.

"காலையில செஞ்சதெல்லாம் உடையுது. சாயங்காலம் செஞ்சது உடையல. அது இன்னா?"

நிமிர்ந்து பார்த்தேன். சாயங்காலமானால் மேற்கே இருக்கும் கோட்டை மலையின் நிழல் எங்கள் கொட்டகைமேல் விழும். வெயிலில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல், இன்னும் காயவில்லை என்று கேஸைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்!

உடனே சுற்றிலும் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கினேன். சரியான சூட்டில் இரும்பைக் காந்தம் இழுக்காது என்று பட்டறையில் யாரோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டி அவள் கையில் கொடுத்தேன்.

"ஒட்டுதா?"

"ஒட்டுது."

கேஸைக் கொஞ்சம் திறந்தேன்.

"இப்போ?"

"ஒட்டல மாமா! ஒட்டல!"

தண்ணீரில் முக்கினேன். பிறகு லேசாகச் சூடு காட்டி ஆறவிட்டேன்.

மறுநாள் மதியம் சோறு கொண்டுபோனவன் வரப்பிலேயே நின்றுவிட்டேன். எல்லோரும் பார்க்க அவள் ஒரு கல்லில் ஓங்கிப் போட்டாள். பொறி பறந்தது. முனை அப்படியே இருந்தது.

"யக்கா, உன் முறுக்கு நல்லா வெந்துட்டுது!" என்று ஒருத்தி கத்தினாள். "அண்ணே, எங்களுக்கும் சுட்டுக் குடு!"

சோற்றுத் தூக்கை வரப்பில் வைத்தேன்.

"அண்ணன் மூஞ்சி செவந்துபோச்சு பாருங்கடி!"

அந்த உச்சி வெயிலிலும் அது தெரிந்திருக்கிறது. கொல்லை நடுவிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்:

"மாமா, கேஸைக் கொற!"