நீலம் பத்தலை

பெயின்ட் கடையில் பதினெட்டு வருடமாகக் கலவை போடுகிறவளுக்கு, அங்கே வந்து போகிற பெயின்டர்கள் வைத்த பெயர் அரைச்சொட்டு. ஒரு சொட்டுச் சாயம் அதிகம் என்று பட்டால், குச்சி நுனியால் தொட்டுப் பாதிச் சொட்டு மட்டும் சேர்ப்பாள். அதனால் வந்த பெயர். "முழுச்சொட்டு போட எனக்கும் தெரியும், உங்க சுவருதான் தாங்காது" என்று அவர்களுக்குப் பதில் சொல்வாள். வாய்க்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. அப்படிப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, கைபேசியில் நாலு வரி எழுதுவதும் அழிப்பதுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். முதலாளிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்காக மூன்று வாரம் லீவு. திங்கட்கிழமை புதுக் கண்ணோடு கடைக்கு வருகிறார். வந்ததும் வராததுமாக அளவு நோட்டைத்தான் கையில் எடுப்பார். எடுத்தால் அவள் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

அந்தக் கடையில் நிறம் பார்க்க மெஷின் கிடையாது. முதலாளியின் கண்தான் மெஷின். வாடிக்கையாளர் ஒரு திரைச்சீலைத் துண்டையோ பழைய சுவரின் பொருக்கையோ கொடுத்துவிட்டுப் போவார். முதலாளி அதைப் பார்த்து ஒரு சின்னக் கிண்ணத்தில் கலந்து, சரியான அளவை நோட்டில் எழுதி வைப்பார். அந்த அளவின்படி டின் டின்னாகக் கலப்பது அரைச்சொட்டின் வேலை. மறுநாள் காலையில் டின்கள் போய்ச் சேர்ந்துவிடும். கிண்ணத்தில் கலந்ததை டின்னோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கப்போவதில்லை.

போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளிர் நீலம் கேட்டார்கள். முதலாளி கலந்தார், உற்றுப் பார்த்தார், "நீலம் பத்தலை" என்றார். இன்னும் ஊற்றினார். மறுபடியும் பத்தலை. கடைசியில் கிண்ணத்தில் இருந்தது மை.

"சார், கொஞ்சம் கூடிப்போன மாதிரி இருக்கு," என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"நாப்பது வருஷமா இதைத்தானேம்மா பண்றேன்? எனக்கே கலர் சொல்றியா?" என்று அவர் சிரித்தார். நாலு பேர் முன்னால் சிரித்ததால் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டின்களில் அவள் நோட்டில் இருந்த நீலத்தில் பாதிதான் ஊற்றினாள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் போன் போட்டுப் பாராட்டினார்கள். "என் கண்ணு தப்புமா?" என்று முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவளுக்கு எரிச்சல் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. பிறகு அதுவே பழக்கமாகிப் போனது. அவர் அளவு நோட்டில் இருந்தது. அவள் அளவு, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், அவளுடைய கைப்பையில் இருந்தது. சுவருக்குப் போனது இரண்டாவதுதான். கண்ணில் கோளாறு, நீலம் மங்கலாகத்தான் தெரிகிறது என்று தெரிந்தும் அவரிடம் சொல்லாமல் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், அவசரமே படாத மனிதர். "லீவுல இருக்கறவருக்கு எதுக்கு மெசேஜ்?" என்றார் காலையில். "திங்கக்கிழமை அவர் முகத்தைப் பாத்து, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா சொல்லேன்."

நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் அவரே நோட்டைப் பார்த்து ஒரு கிண்ணம் கலந்துவிட்டால்? அதுவும் ஆட்கள் முன்னால்? ஒரு வருடமாகத் தன்னை முட்டாளாக்கிவிட்டாள் என்றுதானே நினைப்பார்? வேலை போனால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். பதினெட்டு வருடம் சாவியை நம்பிக் கொடுத்த மனிதரின் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது? நோட்டையே திருத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் பேனாவை எடுத்தாள். அவர் கையெழுத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

எழுதிய நாலு வரியையும் அழித்தாள். திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. எழுதி அனுப்பினால் அவர் மனைவிதான் படித்துக் காட்ட வேண்டும். அவமானத்தைத் தன் குரலிலேயே சொல்லிவிடுவது மேல் என்று, பள்ளிக்கூடம் தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசிப் பதிவுசெய்து அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகு, டர்பன்டைன் கேட்ட பெயின்டருக்கு வார்னிஷை எடுத்து நீட்டினாள். கால் மணி நேரத்தில் போன் அடித்தது. முதலாளியேதான்.

"எத்தனை வேலைம்மா மாத்தின?"

"நீலம் சேர்ற எல்லாமே, சார்."

"பள்ளிக்கூடம்?"

"மாத்திட்டேன்."

"அந்தப் பல் டாக்டர் கிளினிக்?"

"அதுவும்தான் சார்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு வந்தது. திட்டப் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல் கண்ணுக் கட்டை அவுத்த அன்னைக்கு எங்க வீட்டு ஹாலைப் பாத்தேம்மா. போன வருஷம் நானே கலந்து எடுத்துட்டு வந்து அடிச்சது. வெளிர் நீலம்னு நெனச்சுத்தான் அடிச்சேன். நீச்சல் குளத்துக்குள்ள உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கு! அப்பதான் உறைச்சுது, ஊர் முழுக்க இதைத்தானே குடுத்திருக்கேன்னு. அன்னைலேருந்து தூக்கமே இல்லை. கடையை வித்துடலாம்னு முடிவே பண்ணிட்டேன். திங்கக்கிழமை உன்கிட்ட அதைச் சொல்லத்தான் வர்றதா இருந்தேன்."

அவள் பக்கத்திலிருந்த டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் ஒரு வருடமாகக் கிடந்த பாரம் இறங்கியது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"கோவமில்லையா சார்?"

"இருக்கு. டாக்டர்கிட்ட போங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும் நீ. அதை நேர்ல வந்து வச்சுக்கறேன்."

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "நான் மட்டும் என்னவாம்? தொழில் தெரிஞ்சவர், காரணமாத்தான் அடிச்சிருப்பார்னு ஒரு வருஷமா அந்த நீலத்துக்குள்ளயே இருக்கேன்!"

முதலாளி சிரித்தார், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் சரி பண்ணிக் குடுத்த. என் வீட்டை மட்டும் ஏம்மா விட்டுட்ட?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையே, சார்."



"இப்பக் கேக்கறேன்," என்றார்.